பதில்: உப்புவெளி வீட்டுக்கு கிட்டார் டியூப் அம்ப் 5 வாட்டா 15 வாட்டா?

தம்பி, ரெண்டு அறை வீடு, மாமா கனடாவில இருந்து வரேக்க ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் எண்ட 15 வாட் டியூப் அம்ப் கொண்டு வாறார் எண்டு எழுதியிருக்கிறீங்கள், முதல்ல அவரை நிப்பாட்டுங்கோ. அங்க விக்கிறது 120 வோல்ட், இங்க 230. நேர செருகினா ஃபியூஸ் போறதோட முடிஞ்சா அது உங்கட அதிர்ஷ்டம். 230ஐ 120 ஆக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டு ஓட்டலாம்தான், ஆனா அந்தப் பாரத்தையும் சேத்துத் தூக்கித் திரியோணும்.

மற்றது 15 வாட் 5 வாட்டை விட மூண்டு மடங்கு சத்தம் எண்டு நினைக்காதீங்கோ, வித்தியாசம் கிட்டத்தட்ட 5 டெசிபல்தான். ப்ளூஸ் இசைக்கு வேண்டிய அந்தக் கரகரப்பு அம்ப்பைத் திருகிக் கூட்டினாத்தான் வரும், 15 வாட்டை அப்பிடிக் கூட்டினா பக்கத்து வீட்டு ஆச்சி கதவைத் தட்டுவா, மொத்தச் சத்தத்தைக் குறைக்கிற மாஸ்டர் வொல்யூமைக் குறைச்சு வாசிச்சா முன் பகுதியான ப்ரீஅம்ப் மட்டும் கத்தும், ஸ்பீக்கரை ஓட்டுற பவர் டியூப் நித்திரை. 5 வாட்டும் வீட்டுக்குள்ள நல்ல சத்தம்தான் சொல்லிப்போட்டன். வொக்ஸ் ஏசி4டிவி எண்ட சின்ன டியூப் அம்ப் பழசு கிடைச்சா விடாதீங்கோ, 4 வாட், 1 வாட், கால் வாட் எண்டு மாத்தலாம். கூட்டி வச்சிட்டு கிட்டார்ல வொல்யூமைக் குறைச்சா க்ளீன், கூட்டினா கடிக்கும், பெடலே தேவையில்ல. ட்ரம்ஸோட வாசிக்கப் போறீங்களெண்டா மட்டும் 15.

கடற்கரை வீடு, உப்புக் காத்து டியூப் சொக்கட்டைப் பிடிக்கும், கரகரண்டு இரைஞ்சா கொன்டாக்ட் க்ளீனர் அடிக்கோணும், ஆனா கழட்டுறது தெரிஞ்ச ஆளா இருக்கோணும், ப்ளக்கை உருவினாலும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். ஸ்பீக்கர் வயர் இல்லாமல் அம்ப்பை ஓன் பண்ணவே வேணாம்.