ஊரில் நிபா என்று செய்தி வருகிறது. சிங்கப்பூர் வரவிருக்கும் அம்மா அப்பாவின் பயணத்தை ரத்து செய்யலாமா?

"கேரளாவில் மறுபடியும் நிபா என்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து அம்மா அப்பா அடுத்த மாதம் சிங்கப்பூர் வருகிறார்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா? சாங்கி விமான நிலையத்தில் காய்ச்சல் பார்த்தால் போதுமா? இங்கே வந்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ரத்து செய்ய வேண்டாம், வரட்டும். நிபா நோயாளியோடு ஒரே வீட்டிலோ ஆஸ்பத்திரி வார்டிலோ இருந்தவர்கள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போட்டு, அங்கேயே சுகாதாரத் துறையிடம் சொல்லிவிட வேண்டும். மற்றபடி கோயம்புத்தூரில் வீட்டோடு இருக்கும் பெரியவர்கள் வருவதை நிறுத்தக் காரணம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. வீவக (அரசாங்க அடுக்குமாடி) புளோக்குக்குக் கீழே இருக்கும் ஒரு கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து பேர் பதிகிறேன். வெளிநாட்டில் ஒரு நோய் என்று செய்தி வந்தால், அடுத்த நாள் காலையில் அந்தப் பயம் எங்கள் முகப்பில்தான் வந்து வரிசையில் நிற்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிபா வௌவாலிடமிருந்து வரும் ஒரு கிருமி. அது சிங்கப்பூருக்குப் புதிது இல்லை. 1999 மார்ச்சில் இங்கே பன்றி வெட்டும் கூடங்களில் வேலை பார்த்த 11 பேருக்கு அது வந்தது. ஒருவர் இறந்துபோனார். மலேசியாவில் அதற்கு முந்தைய ஆண்டே ஈப்போ பக்கம் தொடங்கி, நெகிரி செம்பிலான் பண்ணைகளுக்குப் பரவியிருந்தது. மொத்தம் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். ஆரம்பத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவே இல்லை. அப்புறம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது வேறு கிருமி என்று கண்டுபிடித்த பிறகுதான் வழி தெரிந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். சிங்கப்பூர் அங்கிருந்து உயிருள்ள பன்றிகள் வருவதை நிறுத்தி, வெட்டும் கூடங்களையும் மூடியது. அத்தோடு இங்கே நின்றது. அந்த முறை நோய் சாங்கி வழியாக வரவில்லை, பன்றிகளோடு வந்தது. எல்லாரும் விமான நிலையத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

வங்காளதேசத்திலும் இந்தியாவிலும் தலைகாட்டும் நிபா கொஞ்சம் வேறு மாதிரி. அது மனிதரிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். வங்காளதேசத்தில் வௌவால் வாய் வைத்த ஈச்ச மரச் சாற்றைப் பச்சையாகக் குடித்தவர்களுக்கு வருவது வழக்கம். ஆனால் ஒருவருக்கு வந்த பிறகு அது பரவும் இடம் பெரும்பாலும் நோயாளியின் படுக்கை ஓரம்தான். 2001இல் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி ஊழியர்களும் நோயாளியைப் பார்க்கப் போனவர்களும்தான். 2018இல் கோழிக்கோடு பேராம்பிராவில் முதல் நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். அவர் பணிவிடை செய்த நேரத்தில் அது நிபா என்று யாருக்கும் தெரியாது. 2023இல் அதே கோழிக்கோட்டில் முதல் நோயாளி இறந்து கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து, அடுத்தவர்கள் படுத்த பிறகுதான் நிபா என்று உறுதியானது.

எச்சில், சளி, இருமல் தெறிப்பு, வாந்தி, சிறுநீர் இவை படும் அளவுக்கு நெருங்கியிருப்பவர்களுக்குத்தான் நிபா தொற்றுகிறது. எம்ஆர்டி ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவருக்கு வந்துவிடும் நோய் அல்ல. ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக இன்னொருவருக்குக்கூடப் போவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கேரளாவில் சில பேரோடு அடங்கிவிடுகிறது. அதே சமயம், வந்தவர்களில் 100க்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதற்கென்று அங்கீகாரம் பெற்ற தடுப்பூசியோ மருந்தோ இல்லை. ஆகவே உங்கள் பயத்தை வீண் பயம் என்று நான் ஒதுக்கவில்லை. அந்தப் பயம் சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

சாங்கிக்கு வருவோம். காய்ச்சல் பார்க்கும் கேமரா காய்ச்சல் அடிக்கும் உடம்பைத்தான் காட்டும். நிபா உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும். அந்த நாட்களில் பயணம் செய்கிறவர் கேமரா முன்னால் சாதாரணமாக நடந்து போவார். பனடோல் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவரும் அப்படியே போய்விடலாம். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. சார்ஸ் காலத்தில் அது இருந்ததே மக்களுக்கு ஒரு தைரியமாக இருந்தது. ஆனால் அதையே மலை போல நம்பியிருக்கக் கூடாது.

சார்ஸ் எப்படிப் பரவியது என்று பாருங்கள். 2003 மார்ச் தொடக்கத்தில் ஹாங்காங் போய்வந்த ஓர் இளம்பெண் நிமோனியா என்று டான் டோக் செங் மருத்துவமனையில் சேர்ந்தார். ஹாங்காங் ஹோட்டலில் தொற்றிய புது நோய் அது என்று அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள், கவனித்த தாதியர், டாக்டர்கள் என்று ஒவ்வொருவராகப் படுத்தார்கள். சிங்கப்பூரில் 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் பத்தில் நான்கு பேர் மருத்துவ ஊழியர்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து, வகுப்பே சேர்ந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு 'பீப்' சத்தத்துக்குக் காத்திருப்போம்.

2015இல் கொரியாவிலும் இதே கதைதான். மத்தியக் கிழக்கிலிருந்து திரும்பிய ஒருவர், மெர்ஸ் என்ற மூச்சு நோய் என்று தெரிவதற்குள் பல கிளினிக்குகள், ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கிவிட்டார். அவர் ஒருவரில் தொடங்கி 186 பேர், 38 சாவு. இதற்கு நேர்மாறாக, நைஜீரியாவிலிருந்து இங்கே வந்த ஒருவருக்குக் குரங்கம்மை என்று 2019 மே மாதம் தெரிந்தது. உடனே தேசியத் தொற்றுநோய் நிலையத்தில் தனியாக வைத்தார்கள், அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். வேறு யாருக்கும் பரவவில்லை. எங்கிருந்து வந்தார் என்பது டாக்டருக்குச் சீக்கிரம் தெரிந்துவிட்டால் மீதி வேலையைச் செய்ய இந்த ஊரில் ஆளும் இடமும் இருக்கிறது. டான் டோக் செங்குக்கு எதிரிலேயே 330 படுக்கைகளோடு அந்த நிலையத்தைக் கட்டி வைத்திருப்பதே இதற்காகத்தான்.

அப்படியென்றால் எல்லாமே ஒரு கேள்விக்கு வரும் பதிலில் இருக்கிறது. முகப்பில் நாங்கள் கேட்போம்: "கடைசி மூணு வாரத்துல வெளிநாடு எங்கேயாச்சும் போனீங்களா?"

ஒரு தம்பி வந்திருந்தார், புதுக்கோட்டைப் பக்கம், கட்டுமான வேலை. கண் சிவந்து, நிற்க முடியாமல் முகப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தக் கேள்வியைக் கேட்டதும் கையில் இருந்த பெர்மிட் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லக்கா, எங்கேயும் போகல" என்றார். தோளில் கிடந்த பையின் கைப்பிடியில் திருச்சி விமானத்தில் ஒட்டிய வெள்ளைச் சீட்டு பாதி கிழிந்த நிலையில் இருந்தது. நான் சத்தத்தைக் குறைத்து, "ஊருக்குப் போய்ட்டு வந்தது தப்பில்ல தம்பி. டாக்டருக்குத் தெரிஞ்சாத்தான் சரியான டெஸ்ட் எழுதுவார்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார், தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். "சொன்னா ரூம்ல போட்டு அடைச்சிருவாங்களாக்கா? இந்த மாசம் கல்யாணக் கடன் கட்டணும்."

அவருக்கு டெங்கி. இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, தேறிவிட்டார். ஆனால் அந்த "இல்லக்கா"வை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பயத்தை அவர் கனவில் கண்டு எடுத்துக்கொண்டு வரவில்லை. 2020இல் கொவிட் வந்தபோது வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், மேலும் கீழுமாகக் கட்டில், பொதுக் குளியலறை. அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் சொன்ன கணக்கின்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. ஊரில் மற்றவர்கள் கடைக்கும் பூங்காவுக்கும் போக ஆரம்பித்த பிறகும் அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். அதைப் பார்த்தவர், அல்லது பார்த்த அண்ணன்மாரிடம் கேட்டவர், காய்ச்சலோடு வந்து நிற்கும்போது உண்மையைச் சொல்ல யோசிக்கத்தானே செய்வார்?

இதைத்தான் நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிபா, எபோலா, வேறு என்ன வந்தாலும் சரி, பயம் நோயின் மேல் இருக்கும்வரை நல்லது. ஆட்கள் மேல் திரும்பினால் அவர்கள் ஒளிப்பார்கள், நோயும் அவர்களோடு சேர்ந்து ஒளிந்துகொள்ளும். 2021இல் 'இந்திய வகை' கொரோனா என்று பேச்சு அடிபட்ட சமயத்தில், சுவா சூ காங்கில் வேகநடை போன ஓர் இந்திய மாதுவை ஒருவர் முகக்கவசத்தைச் சாக்காக வைத்து இனத்தைச் சொல்லித் திட்டித் தாக்கினார். வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. அன்றைக்கு நாம் எல்லாரும் கொதித்தோம். சரி, நிபா செய்தி வந்த வாரத்தில் நம் வீட்டிலேயே "ஞாயித்துக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகாதே, ஊர்ப் பசங்க கூட்டமா இருக்கும்" என்று பேசுகிறோமே, அது மட்டும் என்ன? எனக்கு இதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அந்தப் பையன்களில் யாரும் வௌவால் கடித்த பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு அலையவில்லை.

பீதியைக் கிளப்பும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2020 பிப்ரவரி 7ஆம் தேதி நோய் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்குப் போனதும் அரிசியும் மீயும் (நூடுல்ஸ்) கழிவறைத் தாளும் அடுக்கிலிருந்து காணாமல் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். இரண்டொரு நாளில் எல்லாம் திரும்பி வந்தன. நிபாவுக்கு அரிசி வாங்கி அடுக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

உங்கள் அம்மா அப்பா விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன் இருக்கும் வாரங்களில், கீழே விழுந்த பழம், பறவையோ வௌவாலோ கொத்திய பழம் எதையும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள். கொய்யாவோ மாம்பழமோ நன்றாகக் கழுவித் தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடலாம். திறந்த பானையில் இறக்கிய பதநீர், கள் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். நம் ஊரில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு பார்க்கப் போவோம் இல்லையா, அதைக் கிளம்பும் வரைக்கும் போனிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முக்கியமாக, பாலக்காட்டுப் பக்கமோ மலப்புரம் பக்கமோ சொந்தக்காரர் காய்ச்சலாகக் கிடந்தால்.

சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதில் உடல்நலக் கேள்விகளும் இருக்கும். பெரும்பாலும் பிள்ளைகள்தான் அதை நிரப்புகிறோம். அம்மாவைக் கேட்காமலே எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிவிடாதீர்கள். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

இங்கே வந்த பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டெங்கி, டைபாய்டு, ஃபுளூ இவற்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவையும் பெரியவர்களுக்கு லேசுப்பட்டவை இல்லை, எப்படியும் டாக்டரைப் பார்க்க வேண்டும். கிளினிக்குக்கு முதலில் போன் பண்ணுங்கள், முகக்கவசம் போட்டு அழைத்துப் போங்கள். உள்ளே போனதும் நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம் "ஊரிலிருந்து இந்தத் தேதியில் வந்தார்கள், வரும் முன் இங்கெல்லாம் போயிருந்தார்கள்" என்பதாக இருக்கட்டும். ஒரு கிளினிக்கில் குணமாகவில்லை என்றால் இன்னொன்றுக்கு ஓடாமல் அதே டாக்டரிடம் திரும்பிப் போங்கள், அல்லது அவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு குழறல், ஆள் தெரியாமல் பேசுவது, அளவுக்கு மீறிய தூக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், 995ஐ அழையுங்கள். நிபா மூளையையும் நுரையீரலையும் தாக்கும்போது இப்படித்தான் தெரியும்.

அப்புறம் காப்புறுதி. நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். சுற்றுலா விசாவில் வரும் பெற்றோருக்கு இங்கே அரசாங்க மானியம் கிடையாது, முழுக் கட்டணம்தான். "பில் எவ்வளவு வருமோ" என்று அப்பா காய்ச்சலை மூன்று நாள் மறைத்து, அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்து, நான்காம் நாள் நடக்க முடியாமல் தாங்கிப் பிடித்து அழைத்து வருவதை எங்கள் கிளினிக்கில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்ய யோசித்த நேரத்தில், மூத்தோருக்கான பயணக் காப்புறுதி ஒன்றை எடுத்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் செலவுக்கு எவ்வளவு தருகிறது, ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தத்தை எப்படி நடத்துகிறது என்று படித்துப் பார்த்துவிட்டு எடுங்கள். எடுத்த பிறகு அப்பாவிடம் போன் போட்டு, "காசு கட்டியாச்சுப்பா, உடம்புக்கு என்னன்னாலும் உடனே சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள்.