சட்டத்தை மீறியதை சர்வேயில் யாராவது உண்மையாக ஒத்துக்கொள்வார்களா?

'குடித்துவிட்டு வண்டி ஓட்டினீர்களா, உரிமம் இல்லாமல் ஓட்டினீர்களா என்று வீட்டுக்கு வந்து கேட்டால் எவன் உண்மையைச் சொல்வான், இந்த சர்வேக்களே வீண்தானே' என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் வேகத்தைப் பார்த்தால் நீங்கள் ஆய்வு மாணவராக இருக்க வேண்டும். நிரப்பி வந்த முதல் கட்டு படிவங்களில் எல்லாமே 'இல்லை' என்று இருந்திருக்கும். மக்கள் பொய்யர்கள் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆறு வருடம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் நான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது பற்றிய சர்வே ஒன்றில் ஏழாவது கேள்வி இது: 'கடந்த பன்னிரண்டு மாதங்களில் மது அருந்திய பிறகு வாகனம் ஓட்டியதுண்டா?' நான் சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் வாயால் சொல்ல வேண்டும், நான் கட்டத்தில் டிக் போட வேண்டும். தனியாகப் பேசுங்கள் என்று பயிற்சியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். வாசலில் நிற்கும் ஒருவரிடம், உங்கள் மனைவியை உள்ளே போகச் சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வீட்டில் கணவர் 'இல்லை' என்றார். மனைவி பக்கத்திலேயே நின்றார், கதவைப் பிடித்தபடி மகனும் நின்றான். படிவத்தை முடித்துக்கொண்டு நான் தெருமுனை வரை வந்த பிறகு அவர் பின்னாலேயே வேகமாக வந்தார். "மேடம், அந்த ஏழாவது கேள்வியை மாத்திப் போட்டுக்குங்க. ரெண்டு மூணு தடவை ஓட்டியிருக்கேன். பையன் இருந்தான், அதான்" என்றார். சட்டம், போலீஸ், அபராதம் எதையும் அவர் பேசவில்லை. முடித்த படிவத்தில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. மேற்பார்வையாளரிடம் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். அந்தப் படிவம் 'இல்லை' என்றே கணக்கில் போனது. அவரைப் பொய்யர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. உண்மையைச் சொல்வதற்காகத் தெருமுனை வரை நடந்து வந்த மனிதர் அவர்.

அடுத்த சுற்றில் முறையை மாற்றினார்கள். அந்தக் கேள்விகள் மட்டும் தனித் தாளில். பெயர் கிடையாது. அவரே டிக் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, என் பையில் இருக்கும் உறைக் கட்டுக்குள் அவரே செருக வேண்டும். நான் திரும்பி நின்றுகொள்வேன். என் பகுதியில் 'ஆம்' நன்றாகவே கூடியது. அங்கேதான் எனக்குச் சோதனை வந்தது. "மத்தவங்களுக்குக் கிடைக்காத குடிகாரங்க உனக்கு மட்டும் எப்படிம்மா கிடைச்சாங்க?" என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். வீட்டிலேயே உட்கார்ந்து நானே நிரப்பிவிட்டேனாம். சரிபார்க்க அந்த வீடுகளுக்குப் போன் போட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். யாருக்கும் தெரியாது என்று நான் வாக்குக் கொடுத்த மனிதர்களிடம், வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், போனில்! பெரும்பாலானவர்கள் 'இல்லை' என்றார்கள். முரண்பாடு என்று சொல்லி அந்தக் கட்டுக்கான என் கூலியை நிறுத்திவைத்தார்கள். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசித்தான் எங்களை அனுப்புவார்கள். ஒரு உறைக்குக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு படிவம் வாயாலேயே கேட்டு முடித்துவிடலாம். நிதானமாகக் கேட்பவருக்குக் கூலி குறைகிறது, ஓட ஓடக் கேட்பவருக்குக் கூடுகிறது. அறிக்கைகளில் 'களப்பணியாளர்கள்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான் எங்களுக்கு. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கலாம். ஆனால் உங்கள் தரவு அந்த அவசரத்திலிருந்துதான் வருகிறது.

மூன்றாவதாகக் காசு சுண்டும் முறை. ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965-இல் ஒரு சுழல்முள்ளை வைத்துத் தொடங்கிய யோசனை, பிறகு பல வடிவம் எடுத்தது. எங்களுடையது இப்படி: காசைச் சுண்டுங்கள், எனக்குக் காட்டாதீர்கள். தலை விழுந்தால் எதுவானாலும் 'ஆம்' என்று சொல்லுங்கள். பூ விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள். 'ஆம்' என்றவர் காசுக்காகச் சொன்னாரா, செய்ததற்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. மொத்தமாகக் கணக்குப் போடலாம். 100 பேரில் 60 பேர் 'ஆம்' என்றால், சுமார் 50 பேர் காசுக்காகச் சொன்னவர்கள். மீதி 50 பேரில் 10 பேர் உண்மையில் செய்தவர்கள், அதாவது ஐந்தில் ஒருவர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காசைச் சுண்டிப் பார்த்தார், முகம் மாறியது. "தலைதான் விழுந்தது. ஆனா நான் 'ஆம்'னு சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில நான் குடிச்சதே கிடையாது. ஒரு காசு சொல்லுதுன்னு நான் ஏன்மா செய்யாத தப்பை ஒத்துக்கணும்?" கால் மணி நேரம் விளக்கினேன். அவருக்குக் கணக்கு புரியாமல் இல்லை, என்னைவிட நன்றாகவே புரிந்தது. அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. இப்படி மறுப்பவர்கள் சேரச் சேர, செய்தவர்களின் எண்ணிக்கை இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். ஆய்வாளர்களும் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

'நீ கேட்ட நாலு வீட்டுக் கதை அறிவியல் ஆகாது' என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தெரியும். அதனால்தான் பின்னாளில் தேடிப் படித்தேன். லொக்காண்டர், சட்மன், பிராட்பர்ன் மூவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், குடித்துவிட்டு வண்டி ஓட்டி வழக்கில் சிக்கியவர்கள் என்று பதிவேட்டில் இருந்தவர்களிடமே கேட்டார்கள். நேரில் கேட்டபோது 47 சதவீதம் பேர் மறைத்தார்கள். வார்னர் வழி முறையில் 35. தாளைக் கொடுத்துத் தாங்களே நிரப்பச் சொன்னபோது 54! என் உறை அனுபவத்துக்கு இது நேர் எதிர், மறைக்க விரும்பவில்லை. சின்ன ஆய்வுதான். பிறகு வந்த பெரும்பாலான ஆய்வுகள் தாங்களே நிரப்பும் முறைக்குச் சாதகமாகத்தான் இருக்கின்றன. 1998-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பையன்களுக்குக் கேள்வியை ஹெட்போனில் கேட்கவைத்துக் கணினியில் பதில் தரச் சொன்னார்கள். போதைப்பொருள், வன்முறை பற்றிய ஒப்புதல்கள் காகிதப் படிவத்தைவிட அதிகமாக வந்தன. காகிதப் படிவம் வாங்கிய பையன்களும் தாங்களேதான் நிரப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதேசமயம் 'ஆம்' கூடினாலே உண்மை கூடிவிட்டது என்றும் நம்பிவிடாதீர்கள். கிராஸ்வைஸ் என்றொரு முறை உண்டு. உங்கள் அம்மாவின் பிறந்த மாதம் பற்றி ஒரு கேள்வி, குற்றம் பற்றி ஒரு கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்றா, வேறா என்று மட்டும் சொன்னால் போதும். ஹோக்லிங்கர், டீக்மான் இருவரும் 2017-இல் அந்த முறையிலேயே, அநேகமாக யாருக்கும் 'ஆம்' ஆக இருக்க முடியாத விஷயங்களைக் கேட்டுப் பார்த்தார்கள். உறுப்பு தானம் பெற்றிருக்கிறீர்களா என்பது அதில் ஒன்று. கணக்குப் போட்டால் அதற்கும் 'ஆம்' வந்தது. புரியாமல் ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பவர்கள், செய்யாத குற்றத்துக்கும் கணக்கில் ஏறிவிடுகிறார்கள். அந்த ஆசிரியரை அன்றைக்கு நான் வற்புறுத்தாமல் விட்டது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொன்று, ரகசியம் காப்போம் என்ற அந்த அரைப் பக்க உறுதிமொழி. அதைப் படிக்கப் படிக்க எதிரில் இருப்பவரின் முகம் இறுகுவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சத்தியம் செய்தால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதானே யாருக்கும் தோன்றும்? அளவுக்கு மீறிய உறுதிமொழி பதில் சொல்லும் விருப்பத்தையே குறைக்கும் என்று சிங்கர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1992-இலேயே காட்டியிருக்கிறார்கள். இரண்டு வரி போதும்.

எங்கள் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பேட்டியின்போது உடன் இருந்தவர்கள்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அவசரத்தில் எங்களில் பலர் அதை நிரப்புவதே இல்லை, நானும் பல நாள் விட்டிருக்கிறேன். உங்கள் படிவத்திலும் அது இருந்தால், எல்லாம் வீண் என்று எழுதுவதற்கு முன் தனியாக இருந்தவர்களின் 'இல்லை'யையும், வீட்டார் நடுவில் சொல்லப்பட்ட 'இல்லை'யையும் பிரித்து எண்ணிப் பாருங்கள். கட்டமே இல்லை என்றால் களத்துக்குப் போனவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த வாசலில் யார் நின்றார்கள் என்பது எங்களுக்கு நினைவிருக்கும்.