கொட்டேஷனில் வெறும் ‘ஐ7’ என்று இருந்தால்...

கேள்வி: வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாட மகன் கம்ப்யூட்டர் கேட்கிறான். கடைக்காரர் ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11’ என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பிராசசருக்கும் கார்டுக்கும் ஜோடி சேராது, ‘பாட்டில்நெக்’ (ஒன்றின் வேகத்துக்கு இன்னொன்று ஈடுகொடுக்காமல் தடைபடுவது) வரும் என்கிறான் மகன். யாரை நம்புவது?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

மகனையே நம்புங்கள். ஆனால் பாட்டில்நெக் எல்லாம் அப்புறம். முதலில் கொட்டேஷனைப் பாருங்கள், அதில் ஒரு மாடல் நம்பர்கூட இல்லை.

ஐ7 என்பது இன்டெல் பிராசசர்களில் ஒரு வரிசையின் பெயர் மட்டுமே. 2011-இல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான், 2022-இல் வந்த ஐ7-12700-உம் ஐ7தான். முந்தையதில் 4 கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் மூளைகள்), பிந்தையதில் 12. பழைய ஐ7-ஐ இன்றைக்கு ஐ3-12100எஃப் என்ற சின்ன பிராசசரே சுலபமாக முந்திவிடும். ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரிலிருந்து பிராசசரைக் கழற்றி, பெயர் தெரியாத ஒரு மதர்போர்டில் மாட்டி, கண்ணாடிக் கேபினட்டும் கலர் ஃபேனும் போட்டுவிட்டால் ‘புது ஐ7 கேமிங் பிசி’ தயார். இப்படி ஒன்றை ஒரு பையன் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தான். நாலு ஃபேனும் ஜகஜ்ஜோதியாகச் சுற்றின. வேலரன்ட் மட்டும் திறக்கவில்லை, ‘வேன் 9001’ என்று எரர் காட்டியது. விண்டோஸ் 11-இல் அந்த கேம் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் வேண்டும். இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் பொதுவாக ஏற்பதில்லை. அந்தப் பையனுக்கு விற்ற கடைக்காரர் அதைக் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருந்தார்.

‘4 ஜிபி கார்டு’ என்பதும் இதே கதைதான். 2014-இல் வந்த ஜிடி 730 என்ற கார்டிலும் 4 ஜிபி கிடைக்கிறது. மெமரி பெரிது, வேகம் இல்லை. மாடியில் பெரிய டேங்க் வைத்து அரை இஞ்ச் குழாய் இறக்கியது போல. ஜிபியை விட்டுவிட்டு மாடலைக் கேளுங்கள்.

சரி, ஜோடிக்கு வருவோம். பிராசசருக்குப் போடும் காசைப்போல இரண்டு மடங்கு கார்டுக்குப் போடுங்கள். பிராசசர் ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600, அதோடு கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது ஆர்எக்ஸ் 7600. உங்கள் வீட்டுக்கு இது தாராளம். இணையத்தில் ‘23 சதவீதம் பாட்டில்நெக்’ என்று கணக்குப் போட்டுக் காட்டும் பக்கங்களை மகன் மூடிவிடட்டும். எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒன்று இன்னொன்றுக்காகக் கொஞ்சம் காத்திருக்கத்தான் செய்யும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, அது உங்கள் மகன் சொன்ன வேலரன்ட்டேதான். அதில் படம் எளிமையானது, கார்டுக்குப் பெரிய வேலை இல்லை. விநாடிக்கு 200, 300 ஃபிரேம் (அத்தனை தனித்தனிப் படங்கள்) வரவேண்டும் என்றால் மூச்சு வாங்குவது பிராசசர்தான். அதை மட்டுமே விளையாடுவான் என்றால் கார்டில் குறைத்துப் பிராசசரில் ஏற்றலாம். ஆனால் வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டரா? அது விநாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். 300 ஃபிரேம் வந்தாலும் திரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்தக் காசில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குங்கள். ஜிடிஏவும் வேண்டும் என்கிறானே, அதனால் நான் மேலே சொன்ன ஜோடியே போதும்.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 18 சதவீதம் ஜிஎஸ்டியைக் கறாராக வாங்கிக்கொள்வார்கள், பில்லில் ‘அசெம்பிள்டு கம்ப்யூட்டர் - 1’ என்று ஒரே வரி போடுவார்கள். நாளைக்குக் கார்டு போனால் சர்வீஸ் சென்டரில் அந்த பில்லைத் தொடக்கூட மாட்டார்கள். அங்கே டோக்கன் வாங்கி அரை நாள் உட்கார்ந்த எரிச்சலில் சொல்கிறேன். பிராசசர், மதர்போர்டு, கார்டு, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஒவ்வொன்றுக்கும் மாடலும் சீரியல் நம்பரும் பில்லில் வரவேண்டும். எழுதித் தர யோசிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மானிட்டர் கேபிளைக் கார்டில் உள்ள போர்ட்டில் செருகச் சொல்லுங்கள். 12400எஃப்-இல் உள்ள அந்த ‘எஃப்’ உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பதற்கான அடையாளம். மதர்போர்டில் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும், ‘சரிபார்க்க’ என்று ஒருவர் வந்து காசு வாங்கிக்கொண்டு போவார்.