கிளஸ்டருக்குள் பெயர் வழி தவறினால்: வாசகர் கேள்விகள்

பல கணினிகளில் கன்டெய்னர்களை இயக்கும் குபர்னெட்டிஸ் கிளஸ்டரில், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பது குறித்து வந்த கேள்விகளில் ஐந்து இங்கே. பெரும்பாலானவற்றுக்கு விடை, கன்டெய்னருக்குள் இருக்கும், பெயரை எங்கே எப்படித் தேடுவது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பிலேயே இருக்கிறது. கிளஸ்டரின் டிஎன்எஸ் சர்வரான கோர்டிஎன்எஸ் மீது பழி போடுவதற்கு முன் அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

கேள்வி: எங்கள் செயலி வெளியிலுள்ள ஏபிஐ ஒன்றை அழைக்கிறது. அந்த ஒரே பெயருக்கு கோர்டிஎன்எஸ் பதிவுகளில் எட்டு வினவல்கள் தெரிகின்றன. இது கோளாறா?

இல்லை, சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான். கோப்பில் 'சர்ச்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். வழக்கமாக அதில் மூன்று பின்னொட்டுகள் இருக்கும்: நேம்ஸ்பேஸ் (கிளஸ்டரின் உட்பிரிவு) பெயர் சேர்ந்த எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல், அது சேராத எஸ்விசி.கிளஸ்டர்.லோக்கல், வெறும் கிளஸ்டர்.லோக்கல். அடுத்து 'என்டாட்ஸ்:5' என்று ஒரு குறிப்பு. பெயரில் ஐந்து புள்ளிகளுக்குக் குறைவாக இருந்தால் முதலில் பின்னொட்டுகளை ஒட்டிப் பார் என்பது அதன் பொருள்.

'ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்' என்பதில் இரண்டே புள்ளிகள். ஆகவே மூன்று பின்னொட்டுகளையும் மாறி மாறி ஒட்டிக் கேட்டு, மூன்று முறையும் 'அப்படியொரு பெயரே இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டு, நான்காவது முறைதான் உள்ளபடியான பெயரைக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் ஐபிவி4 முகவரிக்கு ஒன்று, ஐபிவி6 முகவரிக்கு ஒன்று. நாலிரண்டு எட்டு.

பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் பின்னொட்டு எதுவும் ஒட்டாது. ஆனால் புள்ளியோடு வரும் பெயரைச் சில வெப் சர்வர்கள் ஏற்காமல் முரண்டு பிடிக்கும். அப்போது பாட் (கன்டெய்னர்களை இயக்கும் அலகு) வரையறையின் 'டிஎன்எஸ்கான்ஃபிக்' பகுதியில் என்டாட்ஸை 2 ஆகக் குறையுங்கள். கிளஸ்டருக்குள் இருப்பதை அழைக்கும் 'சர்வீஸ்.நேம்ஸ்பேஸ்' என்ற குறும்பெயரில் ஒரு புள்ளிதான் என்பதால் அது தொடர்ந்து வேலை செய்யும்.

'சர்வீஸ்.நேம்ஸ்பேஸ்.எஸ்விசி' என்று எழுதும் பழக்கம் இருந்தால் மட்டும் கவனம் தேவை. அதில் இரண்டு புள்ளிகள். பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள ஜிலிப்சி நூலகம் அதை அப்படியே கேட்டுப் பார்த்து, கிடைக்காவிட்டால் பின்னொட்டுகளுக்குத் திரும்பும். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் உள்ள மசல் நூலகம் திரும்பாது, அங்கேயே கைவிரித்துவிடும். மடிக்கணினியில் ஓடியது கிளஸ்டரில் ஓடவில்லை என்ற புலம்பல்களில் சில இங்கிருந்து பிறந்தவை.

கேள்வி: 'ஹோஸ்ட்நெட்வொர்க்' (பாட் ஓடும் கணினியின் நெட்வொர்க்கையே பயன்படுத்துவது) இயக்கிய பாட்களுக்கு மட்டும் சர்வீஸ் பெயர்கள் தெரியவில்லை. ஏன்?

டிஎன்எஸ் பாலிசியை 'கிளஸ்டர்ஃபர்ஸ்ட்வித்ஹோஸ்ட்நெட்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நோடின், அதாவது பாட் ஓடும் கணினியின், டிஎன்எஸ் அமைப்புதான் அவற்றுக்குக் கிடைக்கும். நோடின் அமைப்பைத் தரும் அந்தப் பாலிசிக்குப் பெயர் 'டிஃபால்ட்'. எதுவும் குறிப்பிடாதபோது கிடைப்பதோ 'கிளஸ்டர்ஃபர்ஸ்ட்'. பெயர் வைத்தவருக்கே வெளிச்சம்!

கேள்வி: கோர்டிஎன்எஸ் எழுவதும் விழுவதுமாக இருக்கிறது. பதிவில் 'லூப்' கண்டறியப்பட்டதாக வருகிறது. அந்த ப்ளக்இன்னை நீக்கிவிடலாமா?

வேண்டாம். புகை மணி அடிக்கிறது என்று மணியைக் கழற்றுவது போலாகும். நோடில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற டிஎன்எஸ் சேவை இயங்கினால் அங்குள்ள ரிசால்வ்.கான்ஃப் 127.0.0.53 என்ற முகவரியைக் காட்டும். அதே கோப்பு கோர்டிஎன்எஸ் கன்டெய்னருக்குள் போகும்போது, 127 என்று தொடங்கும் முகவரி அந்தக் கன்டெய்னரையே குறிக்கிறது. கேள்வியைத் தனக்கே அனுப்பி, தானே வாங்கி, மறுபடி அனுப்பிச் சுற்றுகிறது. நோடில் பாட்களை இயக்கும் குபெலெட்டின் 'ரிசால்வ்கான்ஃப்' அமைப்பை, ரன் அடைவில் சிஸ்டம்டி, ரிசால்வ் என்று உள்ளே போனால் கிடைக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்புக்குத் திருப்புங்கள். உண்மையான மேல்நிலை சர்வர்களின் முகவரி அதில்தான் இருக்கும். பிறகு குபெலெட்டை மறுதொடக்கம் செய்து, கோர்டிஎன்எஸ் பாட்களை அழித்து மீண்டும் உருவாக விடுங்கள்.

கேள்வி: எப்போதாவது ஒரு அழைப்பு சரியாக ஐந்து நொடி தாமதமாகிறது. நெட்வொர்க் மந்தமா?

மந்தமான நெட்வொர்க் இவ்வளவு கச்சிதமாக ஐந்தில் நிற்காது. அது, பதில் வராதபோது மறுபடி கேட்பதற்கு முன் ஜிலிப்சி காத்திருக்கும் நேரம். இரண்டு யுடிபி வினவல்கள் ஒரே சாக்கெட்டிலிருந்து ஒரே கணத்தில் கிளம்பும்போது, இணைப்புகளைக் கணக்கில் வைக்கும் லினக்ஸ் கெர்னலின் கான்ட்ராக் பதிவில் ஒன்றோடொன்று மோதி ஒரு பொட்டலம் தொலைந்துபோகிறது. நோட்லோக்கல் டிஎன்எஸ்கேஷ் நிறுவுவது நல்ல தீர்வு. அது நோடிலேயே விடை தரும், கான்ட்ராக்கைத் தவிர்க்கும், கிளஸ்டர் டிஎன்எஸ்ஸிடம் கேட்க நேர்ந்தால் டிசிபியில் கேட்கும்.

கேள்வி: நிறுவனத்தின் உள் டொமைனுக்கான வினவல்களை மட்டும் எங்கள் சொந்த டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்ப முடியுமா?

முடியும். குபெ-சிஸ்டம் நேம்ஸ்பேஸில் கோர்டிஎன்எஸ் என்ற கான்ஃபிக்மேப்பைத் திறந்து, அதிலுள்ள கோர்ஃபைல் என்ற அமைப்புக் கோப்பில் அந்த டொமைனுக்குத் தனித் தொகுதி ஒன்றை எழுதி, அதனுள் 'ஃபார்வர்டு' வரியில் உங்கள் சர்வரின் முகவரியைக் கொடுங்கள். மாறிய கோப்பைத் தானே படிக்கும் 'ரீலோட்' ப்ளக்இன் இருந்தால் மறுதொடக்கம் வேண்டாம்.

அந்த வசதியிலேயே ஒரு பொறி உண்டு. ஒருமுறை மூடும் அடைப்புக்குறி ஒன்றை விட்டுவிட்டேன். புதிய கோப்பு பிழையானால் ரீலோட் பழைய அமைப்பையே சத்தமில்லாமல் தொடர்ந்து ஓட்டும். எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில நாள் கழித்து நோடைப் புதுப்பித்தபோது புதிதாக எழுந்த கோர்டிஎன்எஸ் பிழையான கோப்பைப் படித்து, எழவே மறுத்தது. மாற்றம் செய்தபின் இரண்டு நிமிடம் பொறுத்து அதன் பதிவைப் பாருங்கள்; ரீலோட் தோற்றிருந்தால் அங்கே ஒரு வரி இருக்கும்.