கணினி கேள்வி – பதில்: பாதி மெயில் மட்டும் ஏன் தப்பிக்கிறது?

கே: தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கப்பல் கம்பெனிகளின் அறிவிப்பு மெயில்கள் அவுட்லுக்கில் தனி ஃபோல்டரில் குவிகின்றன. அழிக்க ஒரு மேக்ரோ (தானாக வேலை செய்யும் சிறு நிரல்) வைத்திருக்கிறோம். 400 மெயில் இருந்தால் 200தான் போகிறது. மறுபடி ஓட்டினால் 100. எரர் எதுவும் காட்டவில்லை. கோளாறு எங்கே?
– வாசகர், ராணிப்பேட்டை

ப: மேக்ரோவில் 'ஃபார் ஈச்' (பட்டியலில் ஒவ்வொன்றாக எடுக்கும் சுழற்சி) இருக்கும், பாருங்கள். ரேஷன் கடை வரிசை மாதிரிதான்: முதல் மெயில் போனதும் இரண்டாவது மெயில் முதல் இடத்துக்கு வந்துவிடும். மேக்ரோவோ இரண்டாம் இடத்துக்குப் போயிருக்கும். அங்கே நிற்பது பழைய மூன்றாவது. இப்படி ஒன்று விட்டு ஒன்று தப்பும். கடைசியிலிருந்து அழித்து வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. 'ஃபார் ஐ = ஐட்டம்ஸ்.கவுன்ட் டு 1 ஸ்டெப் -1' என்று மாற்றுங்கள். 'ஐட்டம்ஸ்' பட்டியலைச் சுழற்சிக்கு வெளியே ஒரே முறை 'செட்' செய்துகொள்ளுங்கள்.

அடுத்து 'டைப் மிஸ்மேட்ச்', எரர் 13 வரலாம். ஃபோல்டரில் மீட்டிங் அழைப்போ, மெயில் போய்ச் சேரவில்லை என்ற ரிப்போர்ட்டோ கிடந்தால், 'மெயில்ஐட்டம்' (மெயில் மட்டும்) என்று அறிவித்த வேரியபிள் அதை ஏற்காது. 'ஆப்ஜெக்ட்' (எந்த வகையும்) என்று அறிவித்து, உள்ளே வகையைச் சோதியுங்கள். பலர் 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' (எரர் வந்தாலும் அடுத்த வரிக்குப் போ) போட்டு எரரின் வாயை அடைத்துவிடுகிறார்கள். அழிக்கிற மேக்ரோவில் அதைவிட ஆபத்தான வரி கிடையாது.

முதல் ஓட்டத்தில் 'டிலீட்' வரியை எடுத்துவிட்டு, 'டீபக்.பிரின்ட்' மூலம் சப்ஜெக்டை மட்டும் அச்சிடுங்கள். மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டரில் கன்ட்ரோல்+ஜி அழுத்தினால் எதெல்லாம் போகும் என்ற பட்டியல் தெரியும். 'டிலீட்' என்பது மெயிலை 'டிலீட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டருக்குத்தான் அனுப்பும். அந்த ஃபோல்டரிலேயே ஓட்டினால் மட்டும் அங்கிருந்தும் போய்விடும்.

கே: ஜிமெயிலில் ஒரு வருடத்துக்கு முந்தைய மெயில்களை ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டால் (கூகுளின் நிரல் வசதி) குப்பைக்கு அனுப்புகிறேன். எரர் வந்து நின்றுவிடுகிறது.
– வாசகி, குடியாத்தம்

ப: குப்பைக்கு அனுப்பும் 'மூவ்த்ரெட்ஸ்டுட்ராஷ்' கட்டளை ஒரு அழைப்பில் 100 உரையாடல்களுக்கு மேல் ஏற்காது. தேடல் ஒரே வீச்சில் 500 வரை தரும் என்பதால் அதை அப்படியே கொடுத்துவிடுகிறோம், அதுதான் வினை. நூறு நூறாக எடுங்கள். தேடலின் தொடக்க எண்ணை 0, 100, 200 என்று ஏற்றக் கூடாது. குப்பைக்குப் போனவை தேடலில் வராது என்பதால் எல்லாவற்றையும் அனுப்பினால் அடுத்த நூறு 0-விலேயே இருக்கும். ஏற்றினால் ராணிப்பேட்டைக்காரரின் கதைதான். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம் வரம்பு. மீதிக்கு டைம் டிரிகர் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஏற்பாடு) வையுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஸ்கிரிப்ட் அழிப்பது முழு உரையாடலை. அதில் ஒரு மெயில் பழையதாக இருந்தாலே தேடலில் சிக்கும். போன வாரம் வந்த பதிலும் சேர்ந்து போகும். 'கெட்லாஸ்ட்மெசேஜ்டேட்' (கடைசி மெயிலின் தேதி) பார்த்து, கடைசி மெயிலும் பழையதாக இருந்தால் மட்டும் அனுப்புங்கள். அப்படி விட்டுவைத்தவை தேடலில் மறுபடி வரும் என்பதால், அவற்றின் எண்ணிக்கை அளவுக்கு மட்டும் தொடக்க எண்ணை ஏற்றுங்கள். தவறிப் போனதை 30 நாளுக்குள் குப்பையிலிருந்து மீட்கலாம்.

கே: கம்ப்யூட்டர் மாற்றியதிலிருந்து அவுட்லுக்கில் ஆல்ட்+எஃப்11 அழுத்தினால் மேக்ரோ எடிட்டரே திறக்கவில்லை.
– வாசகர், ஆம்பூர்

ப: 'நியூ அவுட்லுக்' வந்திருக்கும். அதில் விபிஏ மேக்ரோ ஓடாது. கிளாசிக் பதிப்பும் கம்ப்யூட்டரில் இருந்தால், மேல் மூலையில் உள்ள 'நியூ அவுட்லுக்' ஸ்விட்சை அணைத்துப் பழைய கிளாசிக் பதிப்புக்குத் திரும்புங்கள்.