கேள்வி – பதில்: ஆட்சிப் பணிக்கு முதுகலைப் பட்டம் வேண்டுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில் பி.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். வில்லேஜ் ஆபீஸிலிருந்து மலையாளத்தில் நோட்டீஸ் வந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அரசுப் பணி ஆசை அப்படி வந்ததுதான். பொது நிர்வாகத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுத் தேர்வு எழுது என்கிறார் மாமா. ஒரு டிகிரி போதும், இரண்டு வருடத்தை வீணாக்காதே என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தகுதியைப் பொறுத்தவரை அப்பா சொல்வதே சரி. ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட மத்தியப் பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வுக்கும், கேரள நிர்வாகப் பணியான கே.ஏ.எஸ். தேர்வுக்கும் ஏதேனும் ஒரு இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். முதுகலைக்கென்று தனி மதிப்பெண் எதுவும் இல்லை.

மாமாவின் பேச்சிலும் நியாயம் உண்டு. குடிமைப் பணித் தேர்வின் இறுதித் தரவரிசைக்குரிய 2025 மதிப்பெண்களில் விருப்பப் பாடத்துக்கு 500 போகிறது; பொது நிர்வாகம் படித்தவருக்கு ஆட்சிமுறை, அரசமைப்பு, அறவியல் குறித்த பொதுத் தாள்களிலும் அந்தப் படிப்பு கைகொடுக்கும். ஆனால் வரலாறும் விருப்பப் பாடப் பட்டியலில் இருக்கிறது என்பதை மாமா ஏனோ மறந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் படித்த பாடத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு, அந்தப் பாடத்தின் மீது உண்மையான ஈடுபாடு இருக்க வேண்டும். தேர்வுக்கு உதவும் என்ற ஒரே காரணத்துக்காக முழுநேர எம்.ஏ.வில் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈடுபாடு இருந்தால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாக முதுகலைப் படிப்பைப் பாருங்கள். குறைந்தது 2 ஆண்டுகளில் முடிக்கலாம், 4 ஆண்டுகள் வரை இழுக்கவும் அனுமதி உண்டு என்பதால், குடிமைப் பணியின் இரண்டாம் கட்டமான முதன்மைத் தேர்வை எழுதும் ஆண்டில் பட்டத் தாள்களைத் தள்ளிவைத்துக்கொள்ள முடியும். ஆட்சிப் பணி கிட்டாமல் போனாலும், அந்தப் பட்டத்தைக் கொண்டு நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியப் பணிக்குப் போக வழி இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்கு வயது வரம்பு பொதுப் பிரிவினருக்கு 32, வாய்ப்பு 6 முறை; இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35, 9 முறை.

இந்த இடத்தில் எல்லையோரக் குடும்பங்கள் சறுக்குவதுண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கான மத்தியப் பட்டியல் மாநில வாரியாக அமைந்திருப்பதால், பொள்ளாச்சியில் இருக்கும் உங்கள் உறவினருக்குக் கிடைக்கும் சலுகை, அதே சாதியைச் சேர்ந்த உங்களுக்கும் கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு தேர்வாணையத் தேர்விலும் பிற மாநிலத்தவர் பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். முதுகலையைப் பற்றி முடிவெடுக்கும் முன்பே தாலுகா அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன என்று கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 2019இல் முதன்முறையாக அறிவிக்கை வெளியான கே.ஏ.எஸ். தேர்வின் முதல்நிலையில், மொழித்திறன் பகுதியை மலையாளத்துக்குப் பதில் தமிழில் எழுத இடம் இருந்தது. கேரளத் தேர்வாணையம் தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கென்றே எல்.டி. கிளார்க் (கீழ்நிலை எழுத்தர்) பணியிடங்களையும் அறிவிப்பதுண்டு. தெருவுக்கே நோட்டீஸ் படித்துச் சொல்லும் உங்களுக்கு அது சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டே பெரிய தேர்வுக்குப் படிக்கலாம் என்பதோடு, அரசு ஊழியர்களுக்கான தனிப் பிரிவு வழியாகவும் பின்னால் கே.ஏ.எஸ். எழுதலாம் என்பதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: ஆட்சிப் பணித் தேர்வைத் தமிழிலேயே எழுத முடியுமா?
– வாசகர், குமுளி

பதில்: முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்துக்கும் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். முதன்மையிலும் ஆங்கிலத்துக்கென்று ஒரு தகுதித் தாள் உண்டு, அதில் 25 விழுக்காடு எடுத்தாக வேண்டும்.