மூன்றாம் வருஷத்தில் மகளின் இரக்கம் எங்கே போனது? கோத்தகிரி அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

ஊட்டி மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும் மகள், லீவுக்கு வந்தால் பாட்டியின் மூட்டுவலியைக்கூட ‘கேஸ்’ என்கிறாள். நோயாளி முகம் பார்க்காத ரேடியாலஜிக்கு (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் துறை) இப்போதே தயார்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. அதை முடிவு செய்ய இது நேரமில்லை.

நீங்கள் பார்ப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் 456 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் நிலையிலிருந்து பார்க்கும் மனப்பாங்கு முதல் இரண்டு வருஷம் பெரிதாக மாறவில்லை. வார்டில் நோயாளிகளோடு பழகத் தொடங்கும் மூன்றாம் வருஷத்தில்தான் குறைந்தது. மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன பதில்களை வைத்து அளந்தது அது. அதைக் கொண்டு உங்கள் மகளின் மனசுக்கு மார்க் போட முடியாது.

காரணம் கல் நெஞ்சல்ல. காலையில் வார்டு, மதியம் வகுப்பு, ராத்திரி படிப்பு. ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் திட்டு. முதல் சாவைப் பார்த்த மறுநாளே இன்டர்னல் பரீட்சை. அப்போது ‘கேஸ்’ என்ற சொல் அந்தப் பிள்ளைக்கு ஒரு கவசம். 2019 முதல் நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறைக்கும் மருத்துவ அறத்துக்கும் தனி வகுப்புகளே உண்டு. ஆனாலும் சீனியர் நோயாளியை “பன்னிரண்டாம் பெட்” என்று கூப்பிட்டால் ஜூனியரும் அப்படியேதான் கூப்பிடுவார். இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பதை வார்டு ஒரே வாரத்தில் அழித்துவிடுகிறது.

“நீ மாறிட்டே” என்று மட்டும் சொல்லாதீர்கள். மார்க் கேட்பதையும் கொஞ்சம் நிறுத்துங்கள். இன்று பார்த்த நோயாளி எந்தப் பக்கத்து ஆள், துணைக்கு யார் வந்தார்கள், எப்படி ஊர் திரும்புவார்கள் என்று கேளுங்கள். பெயர் மட்டும் கேட்க வேண்டாம், அதை அவள் வெளியே சொல்லக்கூடாது. நம் மலையில் இந்தக் கேள்விகளுக்குக் கனம் அதிகம். இங்கே பணியர், இருளர், குறும்பர் மக்களிடம் அரிவாள் செல் சோகை உண்டு; ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் அது. அந்த வலி உடம்பில் காயமாகத் தெரியாது. திடீரென்று வந்து ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். வலியோடு பஸ் பிடித்து வருகிறவரிடம் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் பாதி நோய் தெரியாமலே போகும். அவளுக்குப் படுகு மொழி பேச வந்தால், வார்டில் வயதானவர்களிடம் அதிலேயே பேசச் சொல்லுங்கள். மருத்துவ மாணவர்கள் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ‘குடும்பத் தத்தெடுப்பு’ திட்டத்தில் அவளுக்கு ஒதுக்கிய வீடுகளுக்கும் ரெக்கார்டு நோட்டை நிரப்ப மட்டும் போகாமல், உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும்.

பி.ஜி. மேற்படிப்பு பற்றிய பேச்சை, படிப்பு முடிந்து பயிற்சி டாக்டராக வேலை செய்யும் ஹவுஸ் சர்ஜன் வருஷத்துக்குத் தள்ளிப் போடுங்கள். எல்லாத் துறையிலும் வேலை செய்து பார்த்த பிறகு அவளே சொல்வாள். ரேடியாலஜியிலும் ஸ்கேன் மேஜையில் படுத்துக்கொண்டு “டாக்டர், குழந்தை நல்லா இருக்கா?” என்று கேட்கும் ஒரு பெண் இருப்பாள்.

ஒன்றை மட்டும் தனியாகக் கவனியுங்கள். தூக்கம், சாப்பாடு குறைந்து, யாரிடமும் பேசாமல், எதற்கு வாழ்வது என்பதுபோல் பேசினால் அது வெறும் அலுப்பல்ல. அன்றைக்கே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்; நீங்களும் கூப்பிடலாம்.